தேனுவுக்கு, விருந்துப் பட்டியல் பற்றி

பள்ளத்தூர்,
மார்கழி

அன்புள்ள தேனு,

இங்கு எல்லோரும் நலம். அண்ணனுக்குக் கால்வலி தேவலையா? தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு வரி எழுதவில்லை என்று நீ முகத்தைத் தூக்கி வைத்திருப்பதாகச் சிட்டாள் சொன்னாள். தைக்கு வரும்போது நேரில் திட்டித் தீர்த்துக்கொள். இப்போது அதைவிட அவசரம், அண்ணனுக்கு ஆயுள் வேண்டிச் செய்யும் சாந்தி விழாவுக்கு நீ போட்டு அனுப்பிய சாப்பாட்டுப் பட்டியல்.

எழுபது இலைக்கும் வேலியிலும் வயல் வரப்பிலும் தானாக விளைந்ததையே போட வேண்டும் என்ற உன் ஆசை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த காலம், தளிர் எல்லாம் இளசாக இருக்கும். அதற்காகப் பதினாலு வகையா? உங்கள் வளவு வீட்டில் பெரியத்தை இருந்தபோதே இத்தனை நடந்ததில்லை. நான் அடித்துத் திருத்துகிறேன், கோபப்படாதே.

முதலில் காட்டு வள்ளிக்கிழங்கு வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கண்வலிக்கிழங்கும் அதே மழையில், அதே வேலியில்தான் ஏறும். செடியாக நிற்கும்போது குழப்பமே இல்லை. செங்காந்தள் பூ காட்டிக்கொடுத்துவிடும், பூ இல்லாவிட்டாலும் இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகப் பிடித்திருக்கும். ஆனால் தோண்டிச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தபின் எது எந்தக் கொடியின் கிழங்கு என்று யார் சொல்வது? அதிலுள்ள நஞ்சு வேகவைத்தாலும் போகாது, தண்ணீரை மாற்றி மாற்றி வடித்தாலும் போகாது. உயிர் போகிற விஷயம்.

அடுத்து கலவைக்கீரைத் துவட்டல். இதுவும் வேண்டாம். வீட்டில் நாலு பேருக்கு என்றால் ஒவ்வொரு இலையாகப் பார்த்து ஆயலாம். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, மூக்கிரட்டை என்று எழுபது பேருக்குச் சாக்குச் சாக்காக வந்து இறங்கினால் ஆய்கிறவர்கள் பேச்சுவாக்கில் கையைத்தான் ஓட்டுவார்கள். மணத்தக்காளிக் கீரையோடு இளம் ஊமத்தை இலை கலந்து வந்தால், பூவோ காயோ இல்லாத கீரைக்கட்டில் கண்டுபிடிப்பது கஷ்டம். மணத்தக்காளிக்குச் சின்ன வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள், காய் கொத்தாகத் தொங்கும். ஊமத்தைக்கு நீளமான புனல் பூ, முள்ளுக்காய், இலையைக் கசக்கினால் குமட்டும் வாடை. தப்பித் தின்றால் வாய் உலர்ந்து, கண்மணி விரிந்து, பிதற்றலில் கொண்டுபோய் விடும். வெந்தாலும் வீரியம் குறையாது.

அதனால்தான் சொல்கிறேன், கூட்டத்துக்குச் சமைக்கும்போது பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிவதை மட்டும் எடுத்துக்கொள். பிரண்டை, சுண்டை, தூதுவளை, முடக்கத்தான். நாலு போதும்.

பிரண்டைத் துவையல்தான் இலையில் பெயர் வாங்கும், பெயர் கெடுப்பதும் அதுதான். நாலு பட்டைத் தண்டு, வேறெதையும் அதுவென்று நினைக்கவே முடியாது. கொடியின் நுனியிலிருந்து மூணு, நாலு கணுவுக்குள் மட்டும் ஒடிக்கச் சொல். ஒடித்தால் படக்கென்று முறிய வேண்டும். நார் இழுத்துக்கொண்டு தொங்கினால் முற்றல், அதைத் தூக்கிப் போடு. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணுவை நறுக்கித் தள்ளி, நாலு பட்டையிலும் நாரை உரிக்க வேண்டும். இரண்டு கிலோவுக்குக் குறையாமல் பறித்தால்தான் ஒரு கிலோ தேறும்.

நாக்கு அரிப்பதற்குக் காரணம் தண்டுக்குள் ஊசி ஊசியாக இருக்கும் ஆக்சலேட் படிகங்கள். எண்ணெயில் நன்றாக வதங்கிப் புளியும் சேர்ந்தால்தான் அரிப்பு அடங்கும். பெரிய விருந்தில் தப்பு நடப்பது இங்கேதான். சமையற்காரர் ஒரு கிலோவையும் ஒரே வாணலியில் கொட்டுவார். தண்ணீர் விட்டுக்கொண்டு அது தன் சாற்றிலேயே வேகுமே தவிர வதங்காது. பச்சை நிறம் மட்டும் மாறியதைப் பார்த்து இறக்கிவிடுவார்கள். பக்கத்தில் நின்று கால் கிலோ கால் கிலோவாகப் போட வை. ஒரு கிலோவுக்கு நல்லெண்ணெய் முந்நூறு மில்லி, கால் கிலோ உளுந்து, வரமிளகாய் ஐம்பது, புளி நூற்றிருபத்தைந்து கிராம். பிரண்டை சுருங்கி, பழுப்பேறி, ஓரம் லேசாக மொறுமொறுக்கும் வரை அடுப்பு மிதமாகவே எரிய வேண்டும். உளுந்தைத் தனியாகப் பொன்னிறமாக வறுத்துக்கொள். புளியையும் அதே எண்ணெயில் ஒரு புரட்டு புரட்டி, உப்புப் போட்டு, ஒன்றிரண்டாக அரைக்கச் சொல். அரைத்ததும் மிளகளவு நாக்கில் வைத்துக் கொஞ்ச நேரம் பொறு. அரித்தால் மறுபடி எண்ணெய் விட்டு வதக்கிப் புளி கூட்டு. தேங்காய் சேர்க்காதே. ராத்திரி பலகாரத்துக்கும் அதையே வைக்கலாம், கெடாது.

சுண்டைக்காயை மண்டியாக, அதுதான் அரிசி களைந்த தண்ணீரில் வைக்கும் புளிக்குழம்பாக, வை. பச்சைக் காயை இப்போது தேடாதே, வத்தல் என்னிடம் இருக்கிறது. பங்குனி வெயிலில் போட்டது. கிலோ காய்க்கு ஒரு லிட்டர் புளித்த மோர், நூறு கிராம் கல்லுப்பு. காயைத் தட்டி விதையை அலசிவிட்டு ஊறவைத்து, பகலில் வெயில், இரவில் மறுபடி மோர், மோர் வற்றிய பின் கலகலவென்று சத்தம் வரும் வரை காய்ச்சல். இந்த ஈரத்தில் நீ புதிதாகப் போட்டால் பூசணம்தான் பிடிக்கும்.

எழுபது பேருக்கு ஐந்து லிட்டர் மண்டி சரியாக இருக்கும். அரிசி களைந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாம் தண்ணீரை எடு. அதிலேயே கால் கிலோ புளியை ஊறவைத்துக் கரை. சின்ன வெங்காயம் ஒன்றரைக் கிலோ, பூண்டு முந்நூறு கிராம், கீறின பச்சைமிளகாய் முப்பது, தாளிக்கக் கடுகு, உளுந்து, வெந்தயம், பெருங்காயம். வெங்காயமும் பூண்டும் நல்லெண்ணெயில் வெந்தபின் கரைசலை ஊற்று. அரிசித் தண்ணீர் அடி பிடிக்கும், கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பச்சை வாடை போய் லேசாகக் கெட்டிப்பட்டதும் இறக்கு. வத்தல் முந்நூற்றைம்பது கிராமைத் தனியே மிதமான சூட்டில் பொரித்துக் கடைசியில் போடு. கருகினால் ஒரு பிடி வத்தல் அண்டா முழுவதையும் கசப்பாக்கும். வத்தலில் உப்பு ஏறியிருக்கிறது, ஆகவே அது விழுந்து ஊறியபின் ருசி பார்த்துத்தான் உப்பு. முதல் நாள் அரிசித் தண்ணீர் ஆகாது, புளித்துவிடும்.

தூதுவளையை ரசத்தில் போடு. கொடியாக ஏறும், தண்டிலும் இலையிலும் முள், ஊதாப் பூ. இலை முதுகில் நரம்பில் இருக்கும் முள்ளைக் கிள்ளி எடுத்து, நெய்யில் வதக்கி, மிளகு சீரகத்தோடு அரைத்துவிட்டால் சரி. முடக்கத்தானை மத்தியானப் பந்தியில் சேர்க்காதே, ராத்திரி தோசைக்கு வைத்துக்கொள். நாலு படி அரிசிக்கு எட்டுக் கைப்பிடி இலைக்கு மேல் போனால் பிள்ளைகள் தொடாது. காயைப் பிதுக்கிப் பார்க்கச் சொல். காற்றடைத்த பை மாதிரிக் காய், உள்ளே கறுப்பு விதை, அதன்மேல் வெள்ளையாக இதய வடிவில் ஒரு பொட்டு. அது இருந்தால் முடக்கத்தான்.

எங்கே பறிப்பது என்பதும் இப்போது பெரும்பாடாகிவிட்டது. முன்பு எந்த வேலியிலும் பிரண்டை. இப்போது வேலி எல்லாம் காம்பவுண்டுச் சுவர், மிச்ச இடத்தைச் சீமைக்கருவேல் பிடித்துக்கொண்டது. ஊரணிக் கரையில் செழிப்பாகக் கிடக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதே, தெருச் சாக்கடை அங்கேதான் வந்து இறங்குகிறது. மருந்து அடித்த வயல் வரப்பும், தார் ரோட்டு ஓரமும் ஆகாது. சிட்டாள் வீட்டுத் தோப்பு வேலியில் பிரண்டையும் தூதுவளையும் சுத்தமாக இருக்கின்றன, கேட்டு வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, சிறுநீரகக் கல் உள்ள உங்கள் சின்ன மாமாவுக்குத் துவையல் வைக்க வேண்டாம் என்று பரிமாறுகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. அவராக வேண்டாம் என்று சொல்ல மாட்டார், உனக்கே தெரியும்.

சமையற்காரரிடம் பேசிவிட்டு இந்த வாரத்துக்குள் பதில் போடு. பிரண்டையை முதல் நாள் சாயங்காலம் ஒடித்தால் போதும், ஆளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். வத்தலைச் சோமு வரும் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். டப்பாவைத் திருப்பி அனுப்பு, போன தடவை போனது இன்னும் உன் வீட்டில்தான் இருக்கிறது.

அன்புடன்,
மெய்யம்மை