கரி அடுப்பைப் பத்தியும் ஒரு பாக்ஸ் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் பொறந்துட்டா உங்க பேப்பர்ல தலைகுந்தா புல்வெளி வெள்ளையா கிடக்கற படம், கார் கண்ணாடியில உறைபனிய ஒருத்தர் வழிச்சு எடுக்கற படம்னு தவறாம வந்துரும். வரட்டும், அதைப் பாத்துட்டு வர்ற ஜனங்களாலதான் எனக்கே சவாரி, ஊட்டியில டாக்ஸி ஓட்டறவன் நான். ஆனா அந்தப் படத்துக்குப் பக்கத்துல கரி அடுப்பைப் பத்தி நாலு வரி போட்டா என்னங்க?

போன ஜனவரில என் சம்சாரத்தோட அண்ணன் குடும்பம் திருப்பூர்ல இருந்து வந்திருந்தாங்க. கீழ்நாட்டு ஆளுங்க, குளிர் தாங்கல, பல்லு அடிக்குது. சரின்னு நான்தான் வாசல்ல கரியப் பத்த வச்சு, புகையெல்லாம் அடங்கி மேல சாம்பல் பூத்ததுக்கப்புறம் தூக்கிட்டுப் போயி அவங்க ரூம்ல வச்சேன், கதவு இடுக்குல காத்து வருதுன்னு சாக்கையும் மடிச்சு அடைச்சுட்டு வந்து படுத்துட்டேன். ராத்திரி ரெண்டு மணி இருக்கும், மச்சான் பொண்ணு, ஏழு வயசு, வாந்தி எடுத்திருக்கா. புரோட்டா ஒத்துக்கல போலன்னு அவ அம்மா பாத்ரூம் கூட்டிட்டுப் போக எந்திரிச்சவங்க கதவுகிட்டயே பொத்துனு விழுந்துட்டாங்க. அந்தச் சத்தத்துலதான் நான் முழிச்சேன். மச்சான உலுக்கறேன் உலுக்கறேன், எந்திரிக்கவே இல்ல. 108 வந்து ஆக்ஸிஜன் வச்சு, மூணு பேரும் பொழைச்சாங்க. அந்தப் புள்ள வாந்தி எடுக்கலன்னா அவ்வளவுதான்.

புகை இல்லைன்னா ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்கறதுதான் தப்பு. கனிஞ்சு கிடக்கற கரியிலயும் கார்பன் மோனாக்சைடு வந்துட்டேதான் இருக்கும், அதுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, ரத்தத்துல ஆக்ஸிஜன் ஒட்ட வேண்டிய எடத்துல அதைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா போயி ஒட்டிக்குமாம், டாக்டர் சொன்னாரு. தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி. ஒரே ரூம்ல நாலு பேருக்கு ஒண்ணா தலை வலிச்சா அது சாப்பாட்டுக் கோளாறு இல்லைங்க, உடனே வெளிய ஓடணும்.

எங்க அப்பா காலத்துலயும் கரிச்சட்டி வச்சுத்தான் தூங்கினோம், அப்ப ஒண்ணும் ஆகலையேன்னு நானும் கேட்டேன். அப்ப தகரம் போட்ட வீடு, பலகை இடுக்குல எல்லாம் காத்து பூந்துட்டு வரும், அதுதான் எங்களைக் காப்பாத்தியிருக்கு. இப்ப கான்கிரீட்டு, அலுமினிய ஜன்னல், ஈ கூட நுழையாது. டென்டுல தங்கறவங்க பார்பிக்யூ கரிய அப்படியே உள்ள இழுத்து வச்சுக்கறாங்க, அது இன்னும் மோசம். குளிருக்கு ரெண்டு ரவுண்டு போட்டுட்டுப் படுத்தா கேக்கவே வேண்டாம், தலைவலி வந்தாலும் தெரியாது, முழிப்பும் வராது.

பொட்டானிக்கல் கார்டன்ல பனியில செடி கருகாம இருக்க மலார்ங்கற செடியெல்லாம் மேல போட்டு மூடி வைக்கறாங்க. காட்டேஜ்காரங்க ரூமுக்குள்ள கரி தர மாட்டோம்னு ஒரு போர்டு வைக்கலாம்ல? கூட ரெண்டு கம்பளி குடுங்க, சுடுதண்ணி பாட்டில் குடுங்க, தூங்கற எடத்துல நெருப்பு மட்டும் வேண்டாம்.

நேத்து கூட ஒரு பார்ட்டிய காட்டேஜ்ல எறக்கி விட்டேன், ரூம் நடுவுல கரிச்சட்டி. தூக்கி வராண்டாவுல வச்சுட்டு வண்டிக்கு வந்து திரும்பிப் பாத்தா ரூம் பையன் மறுபடி உள்ள எடுத்துட்டுப் போறான். ஏறிப் போயி வெளிய இழுத்து ஒரு பக்கெட் தண்ணிய ஊத்திட்டு வந்தேன். மேனேஜர் இன்னும் என்கிட்ட பேசல.

இப்படிக்கு,
ஒரு டாக்ஸி டிரைவர்,
காந்தல், ஊட்டி.
(பேர் போட வேண்டாம் சார், சவாரி போயிரும்)