பேராசை என்று முடித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரிப்டோ எனும் டிஜிட்டல் நாணயங்களில் பணத்தை விட்டவர்களைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் 'பேராசை பெருநஷ்டம்' என்று முடித்துவிடுகிறோம். தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் நான் பார்த்தவரை, ஆசை ஆளை உள்ளே இழுத்துவருகிறது, அவ்வளவுதான். விலை விழுந்த பிறகும் அவரை விடாமல் வைத்திருப்பது கூட்டம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில், போன் கையில். அப்படி ஒரு தடைக்காலத்தில்தான் எங்கள் தெருப் பையன்கள் கிரிப்டோவில் பணம் போடச் சொல்லும் ஒரு டெலிகிராம் குழுவில் சேர்ந்தார்கள். "குடும்பத்துக்கு வணக்கம்" என்றுதான் அங்கே பொழுது விடியும். "பணத்த எப்பண்ணே எடுக்கலாம்?" என்று என் மைத்துனர் மகன் ஒருநாள் கேட்டான். "நம்பிக்கை இல்லாதவங்க வெளியே போகலாம்" என்று பதில் வந்தது. அதற்கு வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். தட்டியவர்களில் அவனோடு ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவனும் ஒருவன். பிறகு கேள்வி கேட்ட மைத்துனர் மகனைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். போட்ட பணத்தைவிட, நீக்கியதுதான் அவனுக்கு உறுத்தியது. தங்கை நம்பரில் மறுபடி சேர்ந்துகொண்டான்.

படிப்பில்லாதவர்கள் என்று ஒதுக்க வேண்டாம். 2022 மே மாதம், 80 டாலரை ஒட்டி விற்ற லூனா என்ற கிரிப்டோ நாணயம் சில நாட்களில் ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது. அதை உலகமெங்கும் படித்தவர்களும் வைத்திருந்தார்கள். ஒன்காயின் என்ற போலி கிரிப்டோ திட்டத்தை நடத்திய ருஜா இக்னாட்டோவா 2017-ல் தலைமறைவானார். அதன் பிறகும் ஆள் சேர்ப்பது நிற்கவில்லை. எப்படி நிற்கும்? ஒவ்வொருவரும் மச்சானை, சித்தப்பாவைச் சேர்த்துவிட்டிருக்கிறார். பொய் என்று ஒப்புக்கொண்டால், சொந்தக்காரனை ஏமாற்றியவன் என்ற பெயரையும் சுமக்க வேண்டுமே. அதற்கு நம்பிக்கொண்டே இருப்பது சுலபம்.

2009 முதல் இருக்கும் பிட்காயினையும் இந்தக் குழுக்களையும் ஒன்றாக்க நான் வரவில்லை. ஆனால் "அரசாங்கமே 30 சதவீதம் வரி வாங்குது, அப்புறம் என்ன பயம்?" என்று இங்கே கேட்கிறார்கள். வரி வாங்குவது உத்தரவாதம் ஆகாது என்பதை உங்கள் பத்திரிகை பெரிய எழுத்தில் போட வேண்டும்.

விழிப்புணர்வுக் கூட்டங்களில் பேராசையைப் பற்றியே பேசினால், பணம் விட்டவர் வாய் திறக்கமாட்டார். மீனவர் சங்கக் கூட்டத்திலும் ஜமாத்திலும் தேவாலயப் பங்குப் பேரவையிலும், ஏமாந்தவர் வெட்கப்படாமல் பேச இடம் கொடுங்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை ஏலக்கூடங்களில் எழுதிவையுங்கள். சீக்கிரம் அழைத்தால் பணம் கைமாறுவதற்கு முன் முடக்க வழியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தங்கச்சிமடம்.