முதல் மாதத்தில் எடை எந்திரத்தை ஒதுக்கி வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உடல் எடையைக் குறைப்பது பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வரும் கட்டுரைகளைத் தவறாமல் படித்து வருகிறேன். எதைச் சாப்பிடலாம், எதைத் தவிர்க்கலாம் என்பதை அவை விரிவாகச் சொல்கின்றன. ஆனால், நாற்பது வயதைக் கடந்த ஒருவர் முதன்முறையாக ஜிம்மில் சேரும்போது அந்த முதல் மாதத்தை எப்படிக் கடப்பது என்பதை அவற்றில் நான் அதிகம் கண்டதில்லை. அந்த மாதத்திலேயே ஒருமுறை தோற்று நின்றவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

அப்போது என் எடை 98 கிலோ. இத்தனை ஆண்டுச் சோம்பலையும் ஒரே வாரத்தில் ஈடுகட்டிவிட வேண்டும் என்ற வேகத்தில் முதல் நாளே ஒன்றரை மணி நேரம் பயிற்சி செய்தேன். மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் படியிறங்க முடிந்தது. கூடவே சாப்பாட்டையும் பாதியாகக் குறைத்திருந்ததால் முதல் வாரத்தில் மூன்று கிலோ இறங்கியது. அடுத்த இரண்டு வாரங்களில் முள் அசையவே இல்லை. என் உடம்புக்கு இது ஒத்துவராது என்று முடிவுகட்டி நின்றுவிட்டேன்.

அந்த மூன்று கிலோவில் கொழுப்பு மிகக் குறைவு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் மாவுச்சத்து சேமிக்கப்பட்டிருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. திடீரென்று உணவைக் குறைத்ததும் அந்தச் சேமிப்பும் நீரும் வெளியேறுகின்றன, எடை சரிகிறது. மாறாக, பழக்கமில்லாத பயிற்சியால் நோவெடுத்த தசைகள் சில நாட்களுக்கு நீரைத் தேக்கிக்கொள்வதால், உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டிருக்கும்போதே எடை எந்திரம் அதை மறைத்துவிடவும் கூடும். ஆக, முதல் மாதத்தில் அந்த எந்திரம் காட்டும் மகிழ்ச்சியையும் நம்ப வேண்டாம், ஏமாற்றத்தையும் நம்ப வேண்டாம்.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். போகப்போக உடல் செலவிடும் ஆற்றலும் குறைவதால் இந்த வேகமும் தணியும். இதே கணக்கை ‘முப்பது நாளில் பத்து கிலோ’ என்ற விளம்பரத்தின் மீது வைத்துப் பார்த்தால், தினமும் 2,500 கலோரிக்கு மேல் பற்றாக்குறை ஏற்பட்டாக வேண்டும். பலர் ஒரு நாள் முழுவதும் உண்பதே அந்த அளவுக்கு வராது. அந்த விளம்பரத்தை நம்பிச் சேருபவர் நான்காவது வாரத்தில் தன்னையே குற்றவாளியாக நினைத்துக்கொண்டு வெளியேறுவதைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது.

ஓராண்டு கழித்து மீண்டும் சேர்ந்தபோது, என்னால் முடிந்ததில் பாதியை மட்டுமே செய்வது என்று தீர்மானித்தேன். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் எடைப்பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது போன்ற ஸ்குவாட், சுவரில் கையூன்றிச் செய்யும் புஷ்-அப், கைப்பிடியை நெஞ்சை நோக்கி இழுக்கும் பயிற்சி, லேசான டம்பெல்லைத் தரையிலிருந்து முதுகு வளையாமல் தூக்குவது. ஒவ்வொன்றிலும் எட்டு முதல் பன்னிரண்டு முறை வீதம் இரண்டு செட் (சுற்று). இன்னும் மூன்று முறை செய்ய முடியும் என்று தோன்றும்போதே நிறுத்திவிடுவேன். மற்ற நாட்களில் அரை மணி நேரம் வேகநடை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. ஐந்து நாள் நடந்தாலே அதன் கீழ் எல்லையை எட்டிவிடலாம்.

எடை குறைக்க டிரெட்மில் போதும், டம்பெல் எதற்கு என்று என்னைக் கேட்காதவர்கள் குறைவு. உணவை மட்டும் குறைத்து இளைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. எடைப்பயிற்சியும் போதிய புரதமும்தான் அந்தத் தசையைக் காப்பாற்றுகின்றன. வயது ஏற ஏறத் தானாகவே குறைந்துகொண்டு வரும் தசையை, மெலிய வேண்டும் என்ற அவசரத்தில் நாமும் சேர்ந்து இழக்கக் கூடாது. எடை தூக்கினால் ஆண்களைப் போல உடம்பு இறுகிவிடும் என்று அஞ்சி ஒதுங்கும் பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: பெண்களின் உடலில் தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் மிகக் குறைவு என்பதால் வாரம் இரண்டு நாள் பயிற்சியில் அப்படி ஆகிவிடாது. எலும்புத் தேய்மானம் அதிகம் தாக்குவது மாதவிடாய் நின்ற பெண்களைத்தான். எலும்பின் வலுவைக் காக்க உதவும் இந்தப் பயிற்சியிலிருந்து அவர்களே விலகி நிற்பது பெரிய இழப்பு. வயிற்றுப் பயிற்சி செய்தால் தொப்பை மட்டும் கரையும் என்பதும் உண்மையல்ல. கொழுப்பு எங்கிருந்து முதலில் எடுக்கப்பட வேண்டும் என்பதை உடல்தான் முடிவு செய்கிறது.

சில எச்சரிக்கைகளும் அவசியம். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், இரத்த அழுத்தம் அல்லது இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். எடை தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. பயிற்சிக்குப் பிந்தைய தசைநோவு ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய்த் தணிந்துவிடும். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கரும்பழுப்பு நிறத்தில் போனால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையின் அறிகுறி அது.

எடை எந்திரத்துக்குப் பதிலாக நான் ஒரு நோட்டும் அளவு நாடாவும் வைத்துக்கொண்டேன். எத்தனை கிலோவை எத்தனை முறை தூக்கினேன், மாதத்துக்கு ஒருமுறை இடுப்பின் சுற்றளவு என்ன, மூச்சு வாங்காமல் எத்தனை மாடி ஏறினேன் என்று குறித்து வந்தேன். முதல் சில வாரங்களில் தசை பெருக்காவிட்டாலும், இருக்கும் தசையைத் திறம்பட இயக்க நரம்புகள் கற்றுக்கொள்வதால் வலிமை சீக்கிரமே கூடுகிறது. நோட்டில் அது தெரிந்ததால்தான் இரண்டாம் மாதமும் போனேன். பதினான்கு மாதங்களில் 11 கிலோ குறைந்திருக்கிறது. பார்ப்பவர்களுக்கு நான் இன்னும் பருமனானவன்தான். ஆனால், நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களிடம் நடத்தி 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு, எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிட உடலுழைப்பும் என்ற இலக்கோடு வாழ்க்கை முறையை மாற்றியவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. என்னைப் போன்ற 98 கிலோக்காரருக்கு அந்த 7 சதவீதம் என்பது ஏழு கிலோகூட இல்லை!

கண்ணாடி சூழ்ந்த அந்த அறைக்குள் பருத்த உடலோடு நுழையக் கூசுபவர்கள் பலர் உண்டு, நானும் கூசினேன். அங்கிருப்பவர்கள் தங்கள் எண்ணிக்கையிலேயே மூழ்கியிருக்கிறார்கள், நம்மைக் கவனிப்பதில்லை. ஒரு வாரம் விட்டுப்போனாலும் தூக்கும் எடையைச் சற்றுக் குறைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இளைத்தவர்களின், இளைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை வெளியிடும்போது அதற்கு எத்தனை மாதங்கள் ஆயின என்பதையும் அருகிலேயே அச்சிடுங்கள். முதல் மாதம் எப்படித் தொடங்குவது என்று ஒரு பிசியோதெரபிஸ்ட்டைக் கொண்டு நான்கு வாரத் தொடர் ஒன்றையும் வெளியிட்டால், சேர்ந்து பாதியில் நின்றவர்களில் சிலராவது மீண்டும் முயல்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்