வீட்டுப் பராமரிப்பாளர் சங்கம், திருகோணமலை: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, உறுப்பினர்களே, தங்கள் பெற்றோரை நம்பி எங்களிடம் ஒப்படைத்திருக்கும் குடும்பத்தினரே, எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

நிர்வாகக் கூட்டங்கள் யாப்பின்படி நடந்தன. கூட்டக் குறிப்புகள் பதிவேட்டில் இருக்கின்றன, விரும்புகிறவர்கள் பார்க்கலாம். கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வருஷம் நாங்கள் கூடுதலாகப் பாடுபட்டது ஒரு பக்கக் காகிதத்துக்காக. வேலை தொடங்கும் நாளிலேயே வீட்டாரும் பராமரிப்பாளரும் கையெழுத்திட வேண்டிய உடன்படிக்கை அது. யாரைப் பராமரிப்பது, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, இரவில் எழும்ப வேண்டுமா, சம்பளம் எத்தனையாம் திகதி, எந்த நாள் லீவு, நோயாளியை ஆஸ்பத்திரியில் மறித்தால் அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா, வேலையை நிறுத்துவதென்றால் எவ்வளவு முன்னதாகச் சொல்வது என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. கடைசியில் ஒரு வரி சேர்த்தோம்: முழு வீட்டுக்குமான சமையல், உடுப்புத் தோய்த்தல், முற்றம் கூட்டுதல் ஆகியவை இந்த வேலையில் அடங்கா. அந்த வரிக்குத்தான் எதிர்ப்பு அதிகம் வந்தது. சில வீடுகள் அதை வெட்டிவிட்டுக் கையெழுத்திடக் கேட்டன. நாங்கள் உடன்படவில்லை. படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். அடுப்படியில் பத்துப் பேருக்குச் சமைத்துக்கொண்டிருப்பவர் அதை எப்படிச் செய்வார்? புரட்டாமல் விட்டால் முதுகிலும் குதிக்காலிலும் புண் வரும். அந்தப் புண்ணுக்குப் பழி யார் மேல் விழும் என்று உங்களுக்குத் தெரியும்.

உவர்மலை, பாலையூற்று, உப்புவெளிப் பக்கத்து வீடுகள் பலவற்றில் வயோதிபர்கள் தனியே இருக்கிறார்கள். பிள்ளைகள் கனடாவில், லண்டனில். சம்பளத்தை அங்கிருந்து மகன் அனுப்புகிறார், என்ன செய்ய வேண்டும் என்று மகள் வாட்ஸ்அப்பில் சொல்கிறார், பக்கத்து வீட்டுச் சொந்தக்காரர் வந்து வேறொன்று சொல்லிவிட்டுப் போகிறார். நடுவில் மாட்டுப்படுவது எங்கள் உறுப்பினர். உடன்படிக்கை எழுதிய வீடுகளில் இந்த இழுபறி குறைந்திருக்கிறது. யாரிடம் கேட்பது, யார் பொறுப்பு என்பது அதில் எழுதியிருப்பதால் குடும்பத்தாருக்கும் அது நிம்மதியாக இருக்கிறது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளே இப்போது கேட்டு வாங்குகிறார்கள்.

இந்தக் காகிதத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்று புதிய உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். சட்டம் எங்களை எங்கே வைத்திருக்கிறது என்பதைப் பார்த்தால் விளங்கும். வீட்டு வேலையாட்களைப் பற்றி இந்த நாட்டில் தனியாக எழுதப்பட்ட சட்டம் 1871ஆம் ஆண்டின் பதிவுக் கட்டளைச் சட்டம். வேலையாட்களைப் பதிவு செய்து கண்காணிக்கவே அது எழுதப்பட்டது. சம்பளமோ ஓய்வோ அதன் கவலை அல்ல. 2016ஆம் ஆண்டு 3ஆம் இலக்கச் சட்டம் தேசிய குறைந்தபட்சச் சம்பளத்தைக் கொண்டுவந்தபோது, வீட்டுப் பணியாளரை வரையறைக்கு வெளியே நிறுத்திவிட்டது. ஊழியர் சேமலாப நிதியிலும் தனியார் வீட்டில் வேலை செய்பவருக்கு இடம் இல்லை. ஒரு நிறுவனம் தன் ஊழியராக வைத்து வீடுகளுக்கு அனுப்பினால் கதை வேறு. அப்போது அந்த நிறுவனம் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் சேமலாப நிதிக்குச் செலுத்த வேண்டும், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதி என்ற இன்னொரு நிதிக்கு நிறுவனம் 3 வீதம் கட்ட வேண்டும். நிறுவனத்தின் மூலம் போகும் உறுப்பினர்கள் தங்கள் சம்பளச் சீட்டில் இது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் சங்கத்திடம் சொல்லுங்கள், தொழில் திணைக்களத்துக்கு உங்களோடு நாங்கள் வருகிறோம்.

சர்வதேசத் தொழில் அமைப்பு 2011இல் வீட்டுப் பணியாளருக்காக 189ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணித்தியாலமாவது ஓய்வு, இயன்றவரை எழுத்தில் நிபந்தனைகள் என்று அதில் தெளிவாக இருக்கிறது. இலங்கை அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. சட்டம் வரும் வரைக்கும் இந்தக் காகிதமாவது எங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் சங்கத்தின் நிலைப்பாடு.

இந்தக் காகிதத்தால் இன்னொரு பயனும் உண்டு. எங்கள் அக்காமார் பலர் பக்கவாதக்காரரையும் ஞாபகமறதி வந்தவரையும் நீண்ட காலமாகப் பார்த்து வருகிறார்கள். ஆனால் கையில் சான்றிதழ் இல்லை. வகுப்புக்குப் போகாமல் வேலையிலேயே பழகியவர்களுக்கு முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் என்.வி.கியூ. என்னும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. செய்த வேலைக்கு ஆதாரம் காட்ட வேண்டும், மதிப்பீட்டாளர் முன் செய்து காட்ட வேண்டும். செய்து காட்டுவதில் எங்கள் ஆட்களுக்குப் பயமில்லை. ஆதாரத்துக்குத்தான் வழி இல்லாமல் இருந்தது. இறந்துபோன நோயாளியின் வீட்டில் இப்போது யாரிடம் போய்க் கடிதம் கேட்பது? இனிமேல் உடன்படிக்கையின் பிரதியும் வேலை முடியும்போது வீட்டார் தரும் கடிதமும் சேர்ந்து ஆதாரமாகும். இஸ்ரேலுக்குப் பராமரிப்பு வேலைக்குப் போக விரும்புகிறவர்கள் இந்தச் சான்றிதழைத் தேடி அலைகிறார்கள். திருகோணமலை வீடுகளிலும் அதைக் கேட்டுப் பார்த்து, அதற்கேற்ற சம்பளம் கொடுக்கும் பழக்கம் வர வேண்டும். அப்படி வந்தால் பிள்ளைகளை விட்டுவிட்டு வெளிநாடு போக வேண்டிய தேவை சிலருக்காவது குறையும்.

ஒக்டோபர் 29, ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த பராமரிப்புக்கும் ஆதரவுக்குமான சர்வதேச தினம். அன்று ஓய்வுபெற்ற தாதி ஒருவர் வந்து நாள் முழுக்கச் செய்முறைப் பயிற்சி தந்தார். இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடித்துத் தூக்குவது, படுக்கை விரிப்பைக் கொண்டே ஆளை நகர்த்துவது, மூக்குக் குழாயால் உணவு கொடுத்த பிறகு தலைப்பக்கத்தை அரை மணித்தியாலமாவது உயர்த்தி வைத்திருப்பது, சிறுநீர்ப் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவிடுவது எல்லாம் கற்றோம். இரத்தத்தில் சீனி 70க்குக் (மி.கி./டெ.லீ.) கீழே போனால் நோயாளிக்கு நினைவு இருக்கும்போதே இனிப்பானது ஏதாவது கொடுக்க வேண்டும், நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். மூக்குக் குழாய் போடுவதும் சிறுநீர்க் குழாய் மாற்றுவதும் எங்கள் வேலை அல்ல என்பதையும் அழுத்திச் சொன்னார். வீட்டார் வற்புறுத்தினாலும் உறுப்பினர்கள் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

முதுகுவலி இந்த வருஷமும் எங்கள் பெரிய பிரச்சினை. நோயாளியைத் தனியே தூக்கியதால் படுக்கையில் விழுந்த ஓர் உறுப்பினருக்கு அந்த மாதச் சம்பளமே வரவில்லை. சங்கம் போய்ப் பேசிய பின் பாதி கிடைத்தது. போதாது. உறுப்பினர்கள் தந்த பணத்தில் ஓர் உதவிநிதி தொடங்கியிருக்கிறோம், இன்னும் சிறியதாகத்தான் இருக்கிறது. தூக்கமும் அப்படித்தான். இரவில் பல தடவை எழும்புகிறவர் பகலிலும் முழு நேரம் நிற்க முடியாது. அப்படிப்பட்ட வீடுகளுக்கு இருவர் மாறிமாறிப் போகும் ஏற்பாட்டை அன்புவழிபுரம் பகுதி உறுப்பினர்கள் தாங்களாகவே தொடங்கியிருக்கிறார்கள். அவர்களைப் பாராட்டுகிறேன்.

நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மாவிலாறு அணைக்கட்டு உடைந்து மூதூர்ப் பக்கத்துச் சனங்கள் வெளியேற வேண்டி வந்தபோது, எங்கள் உறுப்பினர்கள் சிலர் நகரத்தில் படுக்கையாளிகளோடு நின்றார்கள். தங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்த செய்தி கேட்டும் நோயாளியை விட்டுப் போகவில்லை. மாற்றாள் வர வழி இருக்கவில்லை. அவர்களின் சொந்தத் தாய்மாரைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குப் போனது அயலவர்கள். அந்தப் பெண்களுக்குக் கடமைப்பட்ட வீட்டார் சிலர் பிறகு வீடு துப்புரவாக்க உதவினார்கள், நன்றி. ஆனால் இதை ஒருவரின் நல்ல மனதில் விட்டுவிட முடியாது. படுக்கையாளிகள் இருக்கும் வீடுகளின் பட்டியல் கிராம உத்தியோகத்தரிடம் இருக்க வேண்டும், வெளியேற்றும்போது அந்த வீடுகளுக்கு முதலில் வாகனம் வர வேண்டும், பராமரிப்பாளரின் குடும்பமும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். இதை எழுத்தில் பிரதேச செயலகங்களுக்குக் கொடுக்கச் சபையின் அனுமதியைக் கேட்கிறேன்.

அடுத்த ஆண்டுக்கு முன்வைப்பவை இவை. உடன்படிக்கையைச் சிங்களத்திலும் அச்சிடுவோம், கந்தளாய்ப் பக்கம் போகும் உறுப்பினர்கள் கேட்டிருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் முதியோருக்கான தேசிய செயலகத்திடம் பயிற்சிக்கு விண்ணப்பிப்போம். முன்கற்றல் மதிப்பீட்டுக்கு முதல் குழுவை அனுப்புவோம், கட்டணத்தில் ஒரு பங்கைச் சங்கம் ஏற்கும். கிண்ணியாவிலும் சம்பூரிலும் கிளைக் கூட்டம் வைப்போம், ஏனென்றால் நகரத்துக்கு வர பஸ் காசே அவர்களுக்குப் பாரம்.

இவ்வாண்டு நாங்கள் பராமரித்து இறந்துபோனவர்களுக்கு எங்கள் அஞ்சலி. பயிற்சி தந்த தாதிக்கும், கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும், கையெழுத்திட்ட எல்லா வீட்டாருக்கும் நன்றி. அறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்