பாப்பாவுக்கு: அந்த வார்னிங்குகளை மறைக்காதே

அஸ்தம்பட்டி, சேலம்

பாப்பா,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

நீ அனுப்பிய அசைன்மென்டையும் வகுப்புக் குறிப்புகளையும் படித்துவிட்டேன். பாலிடெக்னிக்கில் சி சொல்லிக்கொடுத்தே என் காலம் போய்விட்டது. ஒரு புரோகிராமை ஓட்டாமலே அது என்ன செய்யும் என்று பேசுகிற இந்தப் பாடம் எங்களுக்குத் தனியாகக் கிடையாது. கம்பைலர் புத்தகத்தின் பின்பக்கத்தில், மதிப்புகள் புரோகிராமுக்குள் எப்படிப் போகின்றன என்று பார்க்கிற டேட்டாஃப்ளோ என்று ஒரு அத்தியாயம் இருக்கும். பரீட்சைக்கு வராது என்று எல்லாரும் தாண்டிவிடுவோம். கேரி கில்டால் 1973-இல் எழுதிய அந்த முறையில்தான் உன் குறிப்புகளில் பாதி நிற்கிறது. படிக்கப் படிக்க எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் கருவி பூஜ்யத்தால் வகுக்கிற இடங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கிறது. கூடவே, ஒரு தப்பும் இல்லாத வரிகளையும் பிடித்து வைத்துக்கொண்டு வார்னிங் கொடுத்துக் கத்துகிறது. அந்த வரிகளை மட்டும் அடக்கிவிட்டு ரிப்போர்ட்டைச் சுத்தமாகக் காட்டிவிடலாமா என்று கேட்டாய். கூடப் படிக்கிற பையன் அப்படித்தான் செய்திருக்கிறானாம். அவன் செய்யட்டும், நீ செய்யாதே.

நீ அனுப்பியதில் ஒன்றை நோட்டில் கையால் போட்டுப் பார்த்தேன். ஒரு இஃப். ஒரு பக்கம் போனால் வகுக்கும் எண் 1, மறுபக்கம் போனால் -1. அப்புறம் 100-ஐ அந்த எண்ணால் வகுக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் பூஜ்யம் வராது என்பது எட்டாவது படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் உன் கருவிக்கு எண் எதுவும் தெரியாதே. பாசிட்டிவ், நெகட்டிவ், பூஜ்யம், 'எதுவாகவும் இருக்கலாம்', அப்புறம் அடியில் 'இந்த வழியில் யாரும் வரவே மாட்டார்கள்'. உன் லேட்டிஸில், அதாவது கீழிருந்து மேலாக அடுக்கிய இந்தப் பட்டியலில், இருப்பது இவ்வளவுதான். இஃப் முடிந்து இரண்டு வழியும் சேர்கிற இடத்தில் பாசிட்டிவையும் நெகட்டிவையும் ஒன்றாக்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக மேலே இருப்பது 'எதுவாகவும் இருக்கலாம்' ஒன்றுதான். அதற்குள் பூஜ்யமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அடுத்த வரியில் வகுத்தல். கத்தாமல் என்ன செய்யும்?

நடுவில் 'பூஜ்யம் அல்லாதது' என்று இன்னொன்றை வை. பாசிட்டிவும் நெகட்டிவும் சேரும்போது அங்கேயே நின்றுவிடும், உச்சிக்கு ஏறாது. யாரும் அடக்காமல் இந்த வார்னிங் தானாகப் போய்விடும். ஆனால் கூட்டல், கழித்தல், பெருக்கல் அட்டவணை எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும். பூஜ்யம் அல்லாத இரண்டைப் பெருக்கினால் பூஜ்யம் அல்லாததுதான். கூட்டினால் எதுவும் வரலாம். (உன் கருவியில் எண்களுக்கு எல்லை கிடையாது என்று வைத்துக்கொண்டுதான் பெருக்கலைச் சொல்கிறேன். 32 பிட்டுக்குள் கொள்ளாமல் ஓவர்ஃப்ளோ ஆனால் பெருக்கலும் பூஜ்யத்தில் போய் முடியலாம்.) அலுப்பு பிடித்த வேலைதான். ஆனால் இந்தப் பாடத்தின் உயிரே அந்த அட்டவணையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இரண்டு வழியையும் எதற்குச் சேர்க்க வேண்டும், தனித்தனியாகவே கடைசிவரை கொண்டுபோகக் கூடாதா என்றும் கேட்டிருந்தாய். நம் ஏற்காடு பாதையில் கொண்டை ஊசி வளைவு 20. ஒவ்வொரு வளைவிலும் பாதை இரண்டாகப் பிரிகிறது, பிரிந்தது பிறகு சேரவே சேராது என்று வைத்துக்கொள். மேலே போய் நிற்கும்போது கையில் 10,48,576 பாதைகள் இருக்கும். வரிசையாக 20 இஃப் உள்ள ஒரு ஃபங்ஷனுக்கே இந்தக் கதி. லூப் வந்தால் கணக்கே கிடையாது. ஜேம்ஸ் கிங் 1976-இல் எழுதிய சிம்பாலிக் எக்ஸிக்யூஷன், எண்ணுக்குப் பதில் குறியீட்டை வைத்து ஒவ்வொரு பாதையாகப் பார்க்கிற முறை, அந்த வழியில் போகிறது. இன்றைக்கும் அந்தக் கருவிகளுக்கு இதுதான் தலைவலி. சேர்த்தால் விவரம் போகும், சேர்க்காவிட்டால் நேரம் போகும்.

இதற்கு நடுவில் புத்திசாலித்தனமாக ஏதாவது வழி கண்டுபிடித்துவிடலாம் என்றால், ரைஸ் என்கிற கணிதக்காரர் 1953-இலேயே கதவைச் சாத்திவிட்டார். புரோகிராமின் நடத்தையைப் பற்றி உருப்படியாக எதைக் கேட்டாலும், எல்லா புரோகிராமுக்கும் சரியாக ஆம் அல்லது இல்லை என்று சொல்லி முடிக்கிற கருவி இருக்கவே முடியாது. அதனால் எந்தக் கருவியும் ஏதோ ஒரு பக்கம் தப்பு பண்ணத்தான் செய்யும். வீணாகக் கத்தும், இல்லையென்றால் கோட்டைவிடும், அதுவும் இல்லையென்றால் முடியாமலே ஓடிக்கொண்டிருக்கும். உன்னுடையது கத்துகிற ஜாதி. அது வாயை மூடினால் அங்கே பூஜ்யம் வராது என்று நம்பலாம். வார்னிங்கைக் கையால் அடக்கினாயானால் அந்த நம்பிக்கைதான் முதலில் போகும். ரிப்போர்ட்டைப் படிக்கிறவருக்கு அது தெரியவும் தெரியாது.

கோட்டைவிடுகிற ஜாதியையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. இங்கே இப்போது ராத்திரியானால் இடியும் மழையும்தான். நாகலூரில் மாமாவுக்குப் போன் போட்டால் பாதி கரகரப்பிலேயே போய்விடுகிறது. பேராசிரியர் பார்ட்டன் மில்லருக்கும் 1988-இல் அப்படி ஒரு ராத்திரி. விஸ்கான்சினில் வீட்டிலிருந்து டெலிபோன் லைன் வழியாகப் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில் வேலை செய்துகொண்டிருந்தார். இடிமழையில் லைனுக்குள் கண்ட எழுத்தெல்லாம் புகுந்தது. மழை பெய்தால் லைன் கெடுவது அவருக்குத் தெரிந்ததுதான். அந்தக் குப்பை எழுத்தைப் பார்த்ததும் எல்லாரும் தினமும் பயன்படுத்துகிற யூனிக்ஸ் புரோகிராம்கள் பொத்துப் பொத்தென்று விழுந்ததுதான் அவரை யோசிக்கவைத்தது. அதையே மாணவர்களுக்கு பிராஜெக்டாகக் கொடுத்தார்: குப்பையை ஊற்று, விழுகிறதா பார். 1990-இல் கட்டுரை வந்தபோது, சோதித்தவற்றில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை விழுந்திருந்தன, அல்லது அசையாமல் நின்றிருந்தன. ஃபஸ்ஸிங் அங்கே பிறந்ததுதான். அது காட்டும் தப்பு நிஜமான தப்பு. புரோகிராம் விழுந்ததை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அது ஒன்றும் காட்டவில்லை என்றால், இன்னும் காட்டவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

மென்பொருள் தப்பால் வெடித்த ஏரியன் ராக்கெட் கதையை விட்டுவிடுகிறேன். உன் புரொபசர் முதல் வகுப்பிலேயே சொல்லி முடித்திருப்பார்.

உனக்குத் தெம்பு தருகிற கதை வேறு. நிஜ எண்ணை விட்டு உன் கருவி மாதிரி பொதுக் குணத்தை வைத்துக் கணக்குப் போடுகிற அப்ஸ்ட்ராக்ட் இன்டர்பிரட்டேஷனை 1977-இல் எழுதிய பாட்ரிக் கூசோவும் ராதியா கூசோவும் கணவன் மனைவி. (நானும் அப்பாவும் சேர்ந்து ஒரு ரேஷன் கார்டு விண்ணப்பம் நிரப்பினாலே வீடு இரண்டுபடும்.) அவர்கள் குழு செய்த ஆஸ்ட்ரே என்ற கருவி, 2003-இல் ஏர்பஸ் ஏ340 விமானத்தின் முக்கியப் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளை, 1,32,000 வரி சி, முழுதாகப் பார்த்து ஒரு பொய் வார்னிங்கூட இல்லாமல் முடித்தது. யாரும் வார்னிங்கை மறைத்து அந்த நிலைக்கு வரவில்லை. பொய்யாகக் கத்திய இடத்தில் எந்த விவரம் தொலைந்தது என்று பார்த்து, அந்த விவரத்தைப் பிடித்துவைக்கப் புதிய டொமைன், அதாவது உன் பட்டியல் மாதிரி இன்னொன்று, கட்டினார்கள். டிஜிட்டல் ஃபில்டர் வருகிற இடங்களுக்கு நீள்வட்டத்தையே ஒரு டொமைனாகச் செய்தார்கள். நீ வைக்கப்போகிற 'பூஜ்யம் அல்லாதது' அந்த வேலையின் சின்ன வடிவம்தான்.

எல்லாவற்றையும் இப்படிச் சரிசெய்ய உனக்கு நேரம் இருக்காது, அதுவும் தெரியும். அப்படியானால் எதையெல்லாம் பார்க்காமல் விட்டாய் என்று ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடு. 2015-இல் இந்தத் துறை ஆய்வாளர்கள் சிலர் சேர்ந்து இதையேதான் கேட்டார்கள்: பெரிய மொழிகளுக்குக் கருவி செய்கிறவர்கள் ரிஃப்ளெக்‌ஷன் (ஓடும்போதே புரோகிராம் தன்னையே ஆராய்ந்து நடப்பது) மாதிரி சில சங்கதிகளைக் கண்டும் காணாமலும் விடுகிறார்கள், விடுவது பரவாயில்லை, எதை விட்டோம் என்பதைச் சொல்லிவிட்டு விடுங்கள் என்று. மார்க் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

வீட்டில் எல்லாரும் சௌக்கியம். மாமா தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பல், வழக்கம்போல. தட்டுவடை செட் கேட்டாய். செட்டாக அனுப்பினால் சட்னியில் ஊறி அங்கே வரும்போது களியாகிவிடும். தட்டுவடை மட்டும் கொரியரில் வருகிறது, கேரட்டும் பீட்ரூட்டும் நீயே துருவிக்கொள்.

அடுத்து, எண்ணை 'இதிலிருந்து இதுவரை' என்று வைத்துக்கொள்கிற இன்டர்வல் டொமைனுக்குப் போகிறேன் என்றாயே, அவசரப்படாதே. இப்போது உன் லேட்டிஸ் உயரம் குறைவு, அதனால் லூப் தானாக நின்றுவிடுகிறது. இன்டர்வலில் 0 முதல் 1, 0 முதல் 2 என்று ஏறிக்கொண்டே போகும். ஏறுவதை ஒரே தாவலில் எல்லைக்குத் தள்ளிவிடுகிற வைடனிங் வைக்காமல் நிற்காது. அதைத் தொடுவதற்கு முன்னால் இதை முடி. புதிய பெருக்கல், கூட்டல் அட்டவணையை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சரிபார்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா