கையெழுத்து இல்லாமல் ஒரு படமும் வெளியே போகக் கூடாது: கொடைக்கானல் புகைப்படச் சங்கப் பொறுப்பாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

பைன் காட்டில் எடுத்த அந்தக் குடும்பப் படத்தைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மலையில் கேமரா தூக்கும் எல்லோருடைய போனுக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது. எந்த ஸ்டுடியோ, எந்தக் குடும்பம் என்று இங்கே எழுத மாட்டோம். அவர்கள் அடையாளம் இன்னொரு முறை வெளியே வர இந்த மடல் காரணமாகக் கூடாது.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். அந்தப் பாட்டிக்கு என்ன நோய் என்று பிள்ளைகள் அவரிடம் சொல்லவில்லை. நம் வீடுகளில் நடப்பதுதான். சக்கர நாற்காலி எதுவரை போகும், அவரால் எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்று திட்டமிட வேண்டுமே என்பதற்காக மகன் போட்டோகிராபரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். அன்று மாலையே அது ரீல்ஸுக்குத் தலைப்பாகிவிட்டது: ‘பாட்டியின் கடைசி ஆசை’. பின்னால் சோக இசை. ஊர் திரும்பிய பிறகு பக்கத்து வீட்டுக்காரர் போனை நீட்டி ஆறுதல் சொன்னபோதுதான் தனக்கு என்ன என்பது பாட்டிக்குத் தெரிந்தது. பதிவை நீக்கிவிட்டார்கள், மன்னிப்பும் கேட்டுவிட்டார்கள். அந்தக் கிழவிக்குத் தெரிந்துபோனதை யார் நீக்குவது?

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். படங்களை வாடிக்கையாளர் பார்த்து முடித்த பிறகு, அவருக்குத் தெரிந்த மொழியில், தனித்தாளில் கையெழுத்து வாங்காமல் ஒரு படமும் வெளியே போகக் கூடாது. அடுத்த கோடை சீசனுக்கு முன் இதைச் சங்க விதியாக்குங்கள்.

பில்லின் பின்பக்கத்தில் ஏற்கெனவே அச்சடித்திருக்கிறதே என்பீர்கள். ‘எடுக்கும் படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை ஸ்டுடியோவுக்கு உண்டு’ என்ற அந்த வரி, பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போடுவது அட்வான்ஸ் கொடுப்பவர் ஒருவர் மட்டுமே. படத்தில் நிற்கிற மற்ற பத்துப் பேரையும் யாரும் கேட்பதில்லை. மஞ்சு ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும் என்று காலை ஏழு மணிக்குக் குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறவர் எதையும் படிக்கவும் மாட்டார். இன்னும் எடுக்காத படத்துக்கு அப்போது வாங்கும் சம்மதம் எதற்கும் உதவாது.

இத்தனைக்கும் படம் கசிவது பெரும்பாலும் மெயின் கேமராவிலிருந்து அல்ல, உதவியாளரின் போனிலிருந்து. 85 எம்எம் லென்ஸ் போட்டு முழு உருவம் எடுக்கப் பதினைந்து அடியாவது தள்ளி நிற்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் உதவியாளர், படமெடுப்பதையே படம்பிடிக்கும் ‘மேக்கிங் வீடியோ’ எடுக்கிறார். பாட்டியின் மாராப்பை மருமகள் சரிசெய்வது, தாத்தா பல்செட்டைக் கழற்றித் துடைப்பது, காதுக் கருவியை எடுத்துப் பையில் வைப்பது, அழுத குழந்தைக்கு மரத்தடியில் உடை மாற்றுவது எல்லாம் அதில் பதிவாகின்றன. நல்ல படத்துக்காக நாம்தான் இவற்றைச் செய்யச் சொல்கிறோம். நம்மை நம்பித்தான் செய்கிறார்கள். எனவே படப்பிடிப்பு நடக்கும்போது உதவியாளரின் போன் பைக்குள் இருக்க வேண்டும். மேக்கிங் வீடியோ வேண்டுமென்று குடும்பமே கேட்டால் எடுக்கலாம், அவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம். உடல்நிலை பற்றிப் பேசுவதென்றால் பதினைந்து அடி தூரத்திலிருந்து கத்தாமல் அருகில் போய்ச் சொல்லுங்கள். சுற்றிலும் சுற்றுலாப் பயணிகள் நிற்கிறார்கள்.

அடுத்தது, படம் போய்ச்சேரும் வழி. கேமராவின் மெமரி கார்டிலிருந்து லேப்டாப்புக்கு, அங்கிருந்து கூகுள் டிரைவுக்கு, பிறகு வெளியூர் எடிட்டருக்கு, அவரிடமிருந்து ஆல்பம் அச்சடிக்கும் லேபுக்கு. டிரைவ் லிங்க்கை ‘லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்’ என்று திறந்து வைத்தால், அது எந்த வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனாலும் மொத்த ஆல்பமும் திறந்துகொள்ளும். வாடிக்கையாளரின் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், வேலை முடிந்ததும் எடிட்டரின் அனுமதியை எடுத்துவிடுங்கள். லொகேஷன் ஆனில் வைத்துப் போனில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் ‘டாக்குமெண்ட்’டாக அனுப்பினால், எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரமும் அதோடு போகும். லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் எக்ஸ்போர்ட் செய்யும்போது இட விவரத்தை நீக்கும் கட்டத்தை டிக் செய்தால் போதும், அரை நிமிட வேலை. கார்டைச் சாதாரணமாக ஃபார்மட் செய்தால் படம் அழிவதில்லை, மென்பொருள் போட்டு மீட்டுவிடலாம். பழைய கார்டை விற்பதும் இரவல் கொடுப்பதும் அதனாலேயே ஆபத்து. கேனான் கேமராக்கள் பலவற்றில், கார்டை முழுதாக அழிக்க ‘லோ லெவல் ஃபார்மட்’ என்று தனியாக இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். குடும்பத்தைக் கேட்காமல் ‘சாம்பிள்’ என்று கூடுதலாக ஒரு பிரதி போடுவதை லேபிடம் எழுத்தில் மறுத்துவிடுங்கள்.

சட்டத்தையும் நினைவுபடுத்துகிறோம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, ஒருவர் கேட்டு, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவரே முதல் உரிமையாளர். ‘நான் எடுத்த படம், என் படம்’ என்ற பேச்சு இங்கே செல்லாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதல் தெளிவாக, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, நிபந்தனை இல்லாமல் இருக்க வேண்டும் என்கிறது. 18 வயது நிறையாதவர் என்றால் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளைப் பள்ளிச் சீருடையோடு ஏரிக்கரையில் நிறுத்திப் படமெடுத்து, பேட்ஜும் பெயரும் தெரிய அன்றிரவே பதிவேற்றுகிறவர்கள் இதை ஒருமுறை படிக்கட்டும்.

படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கடையில் மாட்டும் ஃப்ரேம், சாம்பிள் ஆல்பம், இன்ஸ்டாகிராம், போட்டி, விளம்பரம் என ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம் இருக்கட்டும். ஆல்பத்துக்குச் சம்மதித்தவர் இன்ஸ்டாகிராமுக்கும் சம்மதித்ததாக ஆகிவிடாது. வயது வந்த ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கையெழுத்திட வேண்டும். பெரியவருக்குப் பதிலாக மகன் போடும் கையெழுத்து போதாது, அவருக்கு வாசித்துக் காட்டிக் கேட்க வேண்டும். கைநாட்டு என்றாலும் அது அவருடையதாக இருக்க வேண்டும். சிறுவர்களுக்குப் பெற்றோர் சம்மதித்தாலும் பிள்ளை வேண்டாமென்றால் வேண்டாம்தான். சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்ற வரியும், அதற்கு அழைக்க வேண்டிய எண்ணும் கீழே இருக்க வேண்டும். கையெழுத்துக்குத் தள்ளுபடி காட்டக் கூடாது.

பதிவு போடாமல் ஆர்டர் எப்படி வரும் என்ற கேள்வி நியாயமானது. போட்டி எவ்வளவு என்று எங்களுக்கும் தெரியும். படம் பிடித்துப்போனால் கேட்டதும் சம்மதிக்கிற குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்கள் படத்தைப் போடுங்கள். மாடலுக்குச் சம்பளம் கொடுத்து நாலு செட் எடுத்து வையுங்கள். ஒருவரின் நோயைக் காட்டித்தான் தொழில் நடக்க வேண்டுமென்ற நிலை நமக்கு இல்லை.

கேட்க ஆரம்பித்தபின் இதையும் சொல்லிவிடுகிறோம். பூம்பாறை கிராமத்தில் பூண்டு காயவைக்கும் மூதாட்டியைத் தூரத்திலிருந்து 200 எம்எம் லென்ஸில் பிடித்து, அந்த முகத்தை விடுதி விளம்பரத்துக்கு விற்கிறார்கள். அந்த அம்மாவுக்கு ஒரு ரூபாயும் போவதில்லை, கேட்டதும் இல்லை. சங்கக் கூட்டங்களில் நுழைவுக் கட்டணமும் சுற்றுலா வாகனங்களுக்கு 2024-இல் வந்த இ-பாஸும் ட்ரோன் தடையும் மணிக்கணக்கில் பேசப்படுகின்றன. நம் லென்ஸ் முன்னால் உட்காருகிறவர்களைப் பற்றி ஒரு தீர்மானமாவது போட்டிருக்கிறோமா? கோபம் வருகிறது, மன்னிக்க வேண்டும்.

தயவுசெய்து அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துக்கொள்ளுங்கள். படங்களைப் பார்த்த பிறகு, தெரிந்த மொழியில், தனித்தாளில் கையெழுத்து. மீறினால் முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை உறுப்பினர் அட்டை ரத்து.

அதற்கு முன் இன்னொரு வேலை அவசரமாக இருக்கிறது. அந்த ரீல்ஸைத் தரவிறக்கி வேறு சில பக்கங்கள் மறுபடி போட்டிருக்கின்றன. காசு கொடுத்து எடுத்த படம் என்பதால் பதிப்புரிமைப் புகார் கொடுக்க அந்தக் குடும்பத்துக்கே வழி இருக்கிறது. படம் அவர்கள் கேட்டு எடுக்கப்பட்டது என்று தேதியுடன் ஒரு கடிதமும் பில் நகலும் அந்த ஸ்டுடியோ தந்தால் புகார் வலுவாக இருக்கும். அந்த இரண்டையும் இந்த வாரமே வாங்கி அவர்களிடம் சேர்ப்பிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கொடைக்கானலில் வெளிப்புறப் படப்பிடிப்புத் தொழில் செய்யும் சிலர்