ஆற்றைத் தாண்டிப் போனவர்கள்

வில்மிங்டன்,
அக்டோபர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கு நலம். அங்கே எல்லாரும் நலமா? குளிர் தொடங்கிவிட்டது. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். போனில் பேசினால் "சாப்பிட்டியா? சரி, அம்மாகிட்ட குடுக்கேன்" என்று நீட்டிவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை பிராண்டிவைன் ஆற்றங்கரையில் ஹேக்லி என்ற இடத்துக்குப் போனேன். பழைய வெடிமருந்து ஆலை, இப்போது அருங்காட்சியகம். சிவகாசியை விட்டு இவ்வளவு தூரம் வந்தும் மருந்து ஆலைக்கே டிக்கெட் எடுத்துப் போயிருக்கிறேன், பாருங்கள்.

தொடங்கியவர் இரெனே டு பாண்ட், பிரான்ஸ்காரர். அங்கே அரசாங்க ஆலையில் லவாய்சியேயிடம் தொழில் கற்றவர். தம்பியின் வேதியியல் புத்தகத்தில் வருவாரே, அதே லவாய்சியேதான். அவரைப் புரட்சிக்காரர்கள் 1794இல் தலையை வெட்டிக் கொன்றார்கள். டு பாண்ட் குடும்பம் கப்பலேறி 1800 பிறக்கும்போது அமெரிக்காவில் வந்து இறங்கியது. வேட்டைக்குப் போன இடத்தில் உள்ளூர் மருந்து மட்டமாகவும் விலை கூடுதலாகவும் இருந்ததைப் பார்த்துத்தான் தொழில் தொடங்கினாராம். கதையோ நிஜமோ, 1802இல் இந்தக் கரையில் நிலம் வாங்கினார். சக்கரம் சுற்ற ஆற்றுத் தண்ணீர், மருந்தில் சேர்க்கும் கரிக்கு வில்லோ மரம். கரியோடு சேர்க்கும் வெடியுப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் நாட்டிலிருந்து, கல்கத்தாவில் கப்பலேறி! 1861இல் இங்கே உள்நாட்டுப் போர் மூண்டதும் அவர் பேரன் லாமட், லண்டனுக்கே போய் இந்திய வெடியுப்பை மொத்தமாக வாங்கினார். பிரிட்டிஷ் அரசு அதைக் கொஞ்ச நாள் மறித்து வைத்தது.

இனி எழுதுவது உங்களுக்காக மட்டும். மருந்து அரைக்கும் அறைகளுக்கு மூன்று பக்கம் கனத்த கல்சுவர். ஆற்றைப் பார்த்த பக்கம் மட்டும் லேசான பலகை, கூரையும் லேசு. வெடித்தால் வேகம் பலகையைப் பிய்த்துக்கொண்டு ஆற்றுப்பக்கம் போய்விடும், பக்கத்து அறை தப்பும். நம் ஊரில் எதிரெதிரே கதவு வைப்பது ஆள் ஓட. இங்கே ஒரு பக்கத்தை லேசாக விட்டது வெடி ஓட.

வேலையாட்களில் நிறையப் பேர் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள். செருப்பில் இரும்பு ஆணி கூடாது, மரமுளைதான். நீங்கள் போர்மேனாக இருந்தபோது வாசலிலேயே கொலுசைக் கழற்றச் சொல்வீர்களே, அது ஞாபகம் வந்தது. வெடியில் செத்தவனை "ஆற்றைத் தாண்டிப் போய்ட்டான்" என்பார்களாம். சுற்றிக்காட்டிய அம்மா இதைச் சொன்னதும் கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு, உங்கள் சேக்காளி போன அன்று நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது கண்ணில் வந்தது.

முதலாளி வீடு ஆலைக்கு மேலே, அதே மேட்டில். 1818 மார்ச்சில் வெடித்தபோது முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். அவர் மனைவி சோஃபிக்கும் காயம். மகன் அலெக்சிஸ் 1857இல் வெடியில் செத்தார். வெடியுப்பு வாங்கப் போன லாமட்டும் 1884இல் வேறோர் ஆலையில் அப்படியே. இதற்காக இவர்களைப் புண்ணியவான்கள் என்று சொல்ல வரவில்லை. விதவைகளுக்கு உதவித்தொகையும் குடியிருக்க வீடும் கொடுத்தார்கள், ஆலையைத் திரும்பவும் கட்டினார்கள். 1921இல் மூடும்வரை 228 உயிர் என்று கணக்கு. ஆனாலும் தன் மருந்து வெடிக்கும் தூரத்துக்குள்ளேயே முதலாளி பாய் விரித்திருக்கிறார். நம் பக்கம் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

அவரும் நிம்மதியாக இருந்தமாதிரி தெரியவில்லை. வாங்கிய கடனைப் புதுப்பிக்க பிலடெல்பியா வங்கிகளுக்கு அலைந்துகொண்டே இருந்தார். 1834இல் அந்த ஊரிலேயே திடீரென்று விழுந்து செத்தார்.

ஒரு சந்தேகம் அப்பா. அரைக்கும்போது தண்ணீர் தெளித்து மருந்தை ஈரமாகவேதான் வைத்திருந்தார்களாம். அப்படியும் எப்படிப் பற்றியது? சுற்றிக்காட்டிய அம்மாவிடம் கேட்டேன், சரியாகச் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த ஞாயிறு கூப்பிடுகிறேன். போனை அம்மாவிடம் கொடுப்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகள்